யார் கைக்கு அமைந்த கத்தரிக்கோல்? பணியிடப் பன்முகத்தன்மையும் உள்ளிணைப்பும்: ஓர் எளிய விளக்கம்

இடக்கைப் பழக்கம் உள்ள ஒருவர் வழக்கமான கத்தரிக்கோலால் தாளை வெட்டத் திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? தாள் வெட்டுப்படாமல் இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடிந்து சிக்கிக்கொள்ளும். வலக்கையால் பிடிக்கும்போது கட்டைவிரலின் இயல்பான அழுத்தம் இரு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. அதே கருவியை இடக்கையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துக்கொள்கிறது. பார்த்துக்கொண்டிருப்பவர் பொறுமையிழந்து, "கொடு, நான் வெட்டித் தருகிறேன்" என்று வாங்கி இரண்டே நொடியில் வெட்டிக் கொடுத்துவிடுவார். 'இவனுக்குக் கைவேலை வராது' என்ற எண்ணம் அவர் மனத்தில் தங்கிவிடும். கத்தரிக்கோலின் மேல் அவருக்குச் சந்தேகமே வராது. தம் கையில் அது நன்றாகத்தானே வெட்டியது.

பணியிடங்களில் 'டைவர்சிட்டி' (பன்முகத்தன்மை), 'இன்க்ளூஷன்' (உள்ளிணைப்பு) என்று பேசப்படும் விஷயத்தின் வேர் இந்தக் கத்தரிக்கோலில் இருக்கிறது. ஆனால் அலுவலகப் பேச்சில் இவ்விரு சொற்களும் ஒட்டிப் பிறந்தவைபோல் எப்போதும் சேர்ந்தே உச்சரிக்கப்படுவதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவிவிட்டது. சிலருக்கு அது ஆண்டறிக்கையின் அட்டைப்படத்தில் பலவித முகங்கள் சிரிப்பது. சிலருக்கு ஆண்டுக்கொரு முறை உட்கார்ந்து எழும் பயிற்சி வகுப்பு. இன்னும் சிலருக்குத் தகுதியைத் தளர்த்தி ஆள் எடுப்பதற்கு வைத்த நாகரிகமான பெயர். மூன்றுமே அந்தச் சொற்களின் பொருளைத் தொடவில்லை.

## முதலில் இரண்டு சொற்கள்

பன்முகத்தன்மை என்பது ஒரு குழுவில் இருப்பவர்களுக்குள் எத்தனை விதமான வேறுபாடுகள், எந்த அளவில் உள்ளன என்பதைக் குறிக்கும். பாலினம், வயது, இனம், தாய்மொழி, மதம், உடல்நிலை, பொருளாதாரப் பின்னணி, படித்த துறை என அந்த வேறுபாடுகள் நீளும். இது குழுவின் பண்பு, தனிமனிதரின் பண்பு ஆகாது. 'இவர் நம்முடைய டைவர்சிட்டி கேண்டிடேட்' என்று பணியமர்த்தும் பிரிவுகளில் சொல்லக் கேட்கலாம். ஒரே ஒருவர் எப்படிப் பல முகங்கள் உடையவர் ஆவார்? அந்தப் பேச்சு உண்மையில் உணர்த்துவது, மற்றவர்கள் எல்லாம் இயல்பானவர்கள், இவர் மட்டும் வேறுபட்டவர் என்பதைத்தான்.

உள்ளிணைப்பு என்பது, அப்படிப் பல விதமாக வந்தவர்கள் வேலையைச் செய்யவும், கருத்தைச் சொல்லவும், முடிவுகளில் பங்கு பெறவும், பதவி உயரவும் மற்றவர்களைப் போலவே இயலும்படி பணியிடத்தின் கருவிகளும் விதிகளும் பழக்கங்களும் அமைந்திருப்பது. இதற்கு 'உள்ளடக்கம்' என்ற சொல்லும் வழக்கில் இருக்கிறது. அதைக் கேட்டால் புத்தகத்தின் பொருளடக்கம் நினைவுக்கு வருவது ஒருபுறம் இருக்க, உள்ளே அழைத்து அடக்கிவைப்பது என்ற தொனியும் அதில் ஒளிந்திருப்பதால் இக்கட்டுரையில் அதைத் தவிர்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 2019 மார்ச் 29 அன்று, பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே முதன்முறையாகப் பெண்கள் மட்டுமே விண்நடை மேற்கொள்வதாக இருந்தது. ஆன் மெக்ளெய்ன், கிறிஸ்டினா காக் ஆகிய இருவரும் முறையாகப் பயிற்சி பெற்று நிலையத்தில் தங்கியிருந்தவர்கள். ஒரு வாரத்துக்கு முன் தம் முதல் விண்நடையை முடித்திருந்த மெக்ளெய்ன், உடையின் மேற்பகுதியில் நடுத்தர அளவே தமக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று அந்த அனுபவத்தில் கண்டுகொண்டார். காக்குக்கும் அதே அளவுதான் தேவைப்பட்டது. குறித்த நாளுக்குள் அணியத் தயாராக இருக்கக்கூடிய நடுத்தர மேற்பகுதியோ ஒன்றே ஒன்று. இன்னொன்றைத் தயார்செய்யப் பல மணி நேர வேலை இருந்ததால், உடையை மாற்றுவதைவிட ஆளை மாற்றுவது எளிது என்று முடிவாகி, மெக்ளெய்னுக்குப் பதிலாக நிக் ஹேக் என்ற ஆண் வீரர் காக்குடன் வெளியே சென்றார். அன்றைய பாதுகாப்புக் கணக்கில் அது சரியான முடிவு. மெக்ளெய்னும் அதையே பரிந்துரைத்தார். ஆனாலும் எண்ணிக்கையில் பன்முகத்தன்மை நிலையத்துக்குள் வந்துசேர்ந்துவிட்ட பிறகும், உடைகளின் இருப்பு பழைய கணக்கிலேயே நின்றிருந்தது.

சுருக்கமாக, பன்முகத்தன்மையை எண்ணிப் பார்த்து அறியலாம். உள்ளிணைப்பை அப்படி எண்ண முடியாது. வேலை நடக்கும் விதத்தைக் கவனித்துத்தான் அறிய வேண்டும். முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போகலாம்.

## சராசரி மனிதர் எங்கே இருக்கிறார்?

பணியிடங்கள் பெரும்பாலும் எவரையும் வெளியே நிறுத்தும் நோக்கத்தோடு அமைக்கப்படுவதில்லை. அமைத்தவர்கள் ஒரு 'வழக்கமான ஊழியரை' மனத்தில் வைத்துக்கொண்டு அமைக்கிறார்கள். அந்த வழக்கமான ஊழியர் உண்மையில் இருக்கிறாரா என்று ஒருவர் தேடிப் பார்த்தார். 1950இல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளின் உடல் அளவுகளைப் பெருமளவில் எடுத்தது. அந்த ஆய்வில் பணியாற்றிய கில்பர்ட் டேனியல்ஸ், விமானி அறையின் வடிவமைப்புக்கு முக்கியமான 10 அளவுகளைத் தேர்ந்தெடுத்து, பத்திலும் ஏறத்தாழச் சராசரியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று 4,063 விமானிகளின் அளவுகளில் தேடினார். ஒருவர்கூட இல்லை. உயரம் சராசரியாக இருந்தவருக்குக் கை நீளமாக இருந்தது. கை சரியாக இருந்தவருக்கு இடுப்பு அளவு ஒத்துவரவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் என்று நம்பப்பட்ட இருக்கை, முழுமையாக யாருக்குமே பொருந்தவில்லை.

இதற்குக் கிடைத்த தீர்வு கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனி விமானம் செய்யப்படவில்லை. இருக்கையும் கால்மிதிகளும் பட்டைகளும் நகர்த்தி அமைக்கத்தக்கவையாக மாற்றப்பட்டன. அலுவலகத்திலும் நகர்த்தத்தக்க இருக்கைகள் பல இருக்கின்றன. கூட்டம் நடக்கும் நேரம், கூட்டத்தின் பொருளை முன்கூட்டியே எழுதி அனுப்பும் பழக்கம், பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருள் படிக்கத்தக்க கோப்புகள், விடுப்பு விதிகள் ஆகியவை அவற்றுள் சில. இவற்றை நகர்த்த முடியும் என்பதே, இப்போதைய அமைப்பு கச்சிதமாகப் பொருந்தியிருப்பவர்களுக்குத் தோன்றுவதில்லை. அவர்களிடம் தீய எண்ணம் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பொருந்திய செருப்பைக் கால் நினைப்பதில்லை.

## ஒரே விதி, வேறு வேறு விளைவு

இங்கேதான் நேர்மையாக ஒரு கேள்வி எழும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அது நியாயம்தானே? இதற்கான புகழ்பெற்ற பதில், 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த 'கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்' தீர்ப்பு. வட கரோலினாவில் இருந்த ஒரு மின்நிலையத்தில், கறுப்பினத் தொழிலாளர்கள் நெடுங்காலம் மிகக் குறைந்த கூலி கொண்ட ஒரே பிரிவில் மட்டும் வைக்கப்பட்டிருந்தார்கள். வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த வெளிப்படையான தடை நீங்கியது. ஆனால் நல்ல பிரிவுகளுக்குப் போக உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழோ பொதுத்திறன் தேர்வுகளில் தேர்ச்சியோ வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பள்ளிக் கல்வியே இன அடிப்படையில் பிரிந்து கிடந்த பகுதியில் அந்த விதி யாரைத் தடுத்து நிறுத்தும் என்பது வெளிப்படை. அதே நேரத்தில், சான்றிதழ் இல்லாமலே முன்னர் அந்தப் பிரிவுகளில் சேர்ந்திருந்த வெள்ளையர்கள் வேலையைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் சான்றிதழுக்கும் வேலைக்கும் தொடர்பு என்ன? நிறுவனத்தால் அந்தத் தொடர்பைக் காட்ட முடியவில்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும், வேலைக்குத் தேவைப்படாத ஒரு நிபந்தனை ஒரு பிரிவினரை விலக்குமானால் அதுவும் பாகுபாடே என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. பார்வைக்குப் பொதுவானதாகத் தோன்றி, விளைவில் சிலரை மட்டும் தடுக்கும் இத்தகைய விதியையே மறைமுகப் பாகுபாடு என்கிறோம்.

இதன் மறுபக்கமாக வருவது சமநீதி என்னும் கருத்து. எல்லோருக்கும் ஒன்றையே கொடுப்பது சமத்துவம் என்றால், ஒரே வேலையைச் செய்ய அவரவருக்குத் தேவையானதைக் கொடுப்பது சமநீதி. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இதை ஒரு கடமையாகவே வகுத்தது. ஒருவர் மற்றவர்களுக்கு இணையாகச் செயல்படத் தேவையான மாற்றங்களை, வழங்குபவர் மேல் அளவுக்கு மீறிய சுமை விழாத வரையில், செய்து தர வேண்டும். மறுப்பதும் பாகுபாட்டில் சேரும். காது கேளாத ஊழியருக்குக் கூட்டத்தில் சைகைமொழி பெயர்ப்பாளரை அமர்த்துவது சலுகையா என்று கேட்பவர்கள், தாங்கள் கேட்பதற்காக அதே அறையில் ஒலிபெருக்கி வைத்திருப்பதை யாரும் சலுகை என்று சொல்லாததையும் நினைத்துப் பார்க்கலாம்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: விதி ஒன்றாக இருப்பதும் வாய்ப்பு ஒன்றாக இருப்பதும் வேறு வேறு. விதி வேலையோடு தொடர்புடையதா, அது யாரை வெளியே நிறுத்துகிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

## எண்ணிக்கை எப்படி ஏமாற்றுகிறது

பன்முகத்தன்மையை எண்ணிவிடலாம் என்றேன். எண்ணும்போதும் கண் ஏமாறலாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு ஒன்று 1976இல் தீர்ப்புக்கு வந்தது. அங்கே 1964க்கு முன் கறுப்பினப் பெண்கள் வேலைக்கு எடுக்கப்படவே இல்லை. பின்னர் ஆட்குறைப்பு வந்தபோது 'கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே' என்ற விதிப்படி 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலையை இழந்தார்கள். நிறுவனத்தில் பெண்கள் இருந்தார்கள், கறுப்பினத்தவரும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் வெள்ளையர், அந்தக் கறுப்பினத்தவர் ஆண்கள். இரண்டு பட்டியலிலும் எண்ணிக்கை சரியாகத் தெரிந்ததால், இனம், பாலினம் இரண்டையும் இணைத்த ஒரு வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை எடுத்துக்காட்டித்தான், ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்கள் ஒருவர்மேல் சேர்ந்து விழும்போது உண்டாகும் தனிவகைப் பாதிப்பைக் குறுக்குவெட்டு நிலை என்று பெயரிட்டு விளக்கினார்.

இன்னொரு மயக்கமும் உண்டு. குழுவில் ஒரே ஒருவர் மட்டும் வேறுபட்டவராக இருந்தால் என்ன நிகழும் என்பதைச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977இல் ஆராய்ந்து எழுதினார். அந்த ஒருவர் செய்யும் சிறு பிழையும் எல்லோர் கண்ணிலும் படும். அது அவருடைய பிழையாகப் பார்க்கப்படாமல் அவரைச் சேர்ந்தவர்கள் அனைவரின் பிழையாகவும் பார்க்கப்படும். பெரும்பான்மையினர் தங்களுக்குள் இருக்கும் ஒற்றுமையை முன்னைவிட அழுத்தமாகக் காட்டத் தொடங்குவார்கள். இப்படி ஒருவரைக் கணக்குக்காக வைத்திருப்பதைச் சொல்லத் தமிழில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்ற வழக்கு தயாராக இருக்கிறது. அந்த வழக்கே ஓர் உடற்குறையை ஏளனமாகச் சுட்டிப் பிறந்தது என்பதை, அன்றாடம் அதைப் புழங்கும் நாம் கவனித்ததே இல்லை.

## கூட்டத்தில் வாய் திறந்த மூன்று முறைகள்

சரி, வேறுபாடு இருந்தால் வேலைக்கு என்ன பயன்? 'பலவிதமானவர்கள் சேர்ந்தால் புதுமை பிறக்கும்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி புரிய, ஒரு கூட்டத்துக்குள் போய்ப் பார்ப்போம்.

ஒரு செயலியின் புதிய பதிப்பை வெளியிடலாமா என்று ஆறு பேர் பேசுகிறார்கள். ஐந்து பேர் அதைக் கட்டியவர்கள். ஆறாவது, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பிரிவிலிருந்து வந்த இளம்பெண். புதிய உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லை உள்ளிட வைத்திருக்கும் நேரம் வயதானவர்களுக்குப் போதவில்லை என்பது, சோதனைப் பதிப்பு குறித்து வந்த அழைப்புகளைக் கேட்ட அவருக்கு மட்டுமே தெரியும். அவர் பேசத் தொடங்கும்போது இன்னொருவர் முந்திக்கொள்கிறார். மறுபடி தொடங்குகிறார், "அதை அப்புறம் ஆஃப்லைன்ல பேசிக்கலாம்மா" என்று தலைமை வகிப்பவர் கனிவாகவே சொல்கிறார். மூன்றாம் முறை "சார்" என்று ஆரம்பித்தவர், எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு "ஒண்ணுமில்ல சார்" என்று குறிப்பேட்டை மூடிவிடுகிறார். பதிப்பு வெளியாகிறது. யாரும் அவரை அவமதிக்கவில்லை. அவரிடம் இருந்த தகவல் மட்டும் மேசைக்கு வரவில்லை.

இது தற்செயல் இல்லை என்பதை கரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் ஆகிய உளவியலாளர்கள் 1985இல் ஒரு சோதனையில் காட்டினார்கள். குழுவினருக்குச் சில தகவல்கள் பொதுவாகவும், சில தகவல்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்தும் கொடுக்கப்பட்டன. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தால்தான் எந்த வேட்பாளர் சிறந்தவர் என்பது விளங்கும். ஆனால் குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பேச்சில் பெரும்பாலும் மேலே வரவில்லை. பெரும்பாலான குழுக்கள் தவறான வேட்பாளரையே தேர்ந்தெடுத்தன. பொதுவானதைச் சொல்பவருக்கு உடனே நான்கு தலைகள் அசைகின்றன. தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்பவருக்கு அந்த ஆதரவு கிடைப்பதில்லை.

ஆகவே பன்முகத்தன்மை வேறு வேறு தகவல்களை அறைக்குள் கொண்டுவருகிறது. அவற்றை மேசைக்குக் கொண்டுவருவது உள்ளிணைப்பின் வேலை. இதற்கு அடிப்படையாக இருப்பதை உளப் பாதுகாப்பு என்பார்கள். கேள்வி கேட்டாலோ, பிழையை ஒப்புக்கொண்டாலோ, மாற்றுக்கருத்துச் சொன்னாலோ அவமானமும் தண்டனையும் வராது என்று குழுவினர் பொதுவாக நம்புவதே அது. மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மன்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வினால் இச்சொல் பரவலானது. அவருடைய முந்தைய மருத்துவமனை ஆய்வு ஒன்றில் விசித்திரமான முடிவு கிடைத்திருந்தது. நல்ல தலைமை உள்ள செவிலியர் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகப் பிழை செய்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை. மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவருடைய விளக்கம். புகார்கள் குறைவாக வருவதை நல்ல அறிகுறி என்று மகிழும் நிறுவனங்கள் இந்த முடிவைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

## தகுதி என்ற கேள்வி

'இதெல்லாம் தகுதியைக் குறைப்பதில்தான் போய் முடியும்' என்ற அச்சத்தைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாதம், இப்போது நடக்கும் தேர்வு தகுதியை மட்டுமே அளக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. மரியான் பெர்ட்ரன்ட், செந்தில் முல்லைநாதன் ஆகிய பொருளியலாளர்கள் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர்களிடையே வழங்கும் பெயர்களும் கறுப்பினத்தவரிடையே வழங்கும் பெயர்களும் அவற்றில் குலுக்கல் முறையில் இடப்பட்டன. 2004இல் வெளியான முடிவின்படி, முதல் வகைப் பெயர்களுக்கு ஏறத்தாழ 10 விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. இரண்டாம் வகைக்கு ஏறத்தாழ 15 தேவைப்பட்டன. தகுதி மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது.

நேர்காணலில் இதே சறுக்கல் 'நமக்கு ஒத்துவருவாரா' என்ற கேள்வியின் வழியாக உள்ளே நுழைகிறது. தேர்வுக் குழுவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு வசதியானது என்று தெரியும். காரணம் எதுவும் எழுதாமல் ஒருவரை நிராகரிக்க அது ஒன்றே போதும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் மதிப்பெண் இடுவது இந்தச் சறுக்கலைக் குறைக்கிறது. இது தகுதியைத் தளர்த்துவதில்லை, தகுதியை அளக்கும் கோலைச் சரிசெய்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வேலைவாய்ப்புப் பாகுபாடு குறித்த 1958ஆம் ஆண்டு 111ஆம் உடன்படிக்கையும், ஒரு வேலையின் உள்ளார்ந்த தேவைகளை அடிப்படையாகக் கொண்ட வேறுபாட்டைப் பாகுபாடாகக் கருதுவதில்லை.

இட ஒதுக்கீட்டையும் உள்ளிணைப்பையும் ஒன்றாக்கிப் பேசுவதும் உண்டு. நிறுவன இயக்குநர் குழுக்களில் இரு பாலினத்தவருக்கும் ஏறத்தாழ 40 விழுக்காடு இடம் வேண்டும் என்று நார்வே 2003இல் சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டம் வாசலைத் திறக்கும் கருவி. உள்ளே வந்தவரின் பேச்சு கேட்கப்படுமா என்பது அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

## ஓர் அலுவலகத்தில் எதைக் கவனிப்பது?

சுவரொட்டிகளையும் உறுதிமொழிகளையும் ஒதுக்கிவிட்டுச் சிலவற்றைப் பார்த்தால் போதும். சேர்பவர்களின் எண்ணிக்கையோடு, இரண்டு ஆண்டுகளுக்குள் விலகுபவர்கள் யார் என்பதும் குறிக்கப்படுகிறதா? பெயர் வரும் பணிகள் யாருக்குப் போகின்றன, கூட்டக் குறிப்பு எழுதுவதும் பிறந்தநாள் ஏற்பாடு செய்வதும் யார் தலையில் விழுகின்றன? பேறுகால விடுப்பில் போய்த் திரும்பியவர் பழைய பொறுப்பிலேயே அமர்கிறாரா? கேலிப் பேச்சை எதிர்த்தவருக்கு அடுத்த மதிப்பீட்டில் என்ன நேர்ந்தது?

பயிற்சி வகுப்பு நடத்தினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகள் அதிக ஆதரவு தருவதில்லை. அலெக்சாண்ட்ரா கேலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகியோர் 2006இல் 708 அமெரிக்கத் தனியார் பணியிடங்களின் தரவை ஆராய்ந்தபோது, மேலாளர் பதவிகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் உயர்வதற்கு மிகக் குறைவாக உதவியவற்றுள் பயிற்சி வகுப்புகள் இருந்தன. இன்ன மாற்றத்துக்கு இன்னார் பொறுப்பு என்று ஆளைக் குறித்து ஒப்படைத்த இடங்களில் பலன் அதிகமாகத் தெரிந்தது. யாருக்கும் பொறுப்பில்லாத நல்லெண்ணத்தால் உடை தயாராவதில்லை.

விண்வெளி நிலையத்தில் இரண்டாவது நடுத்தர உடையைத் தயார்செய்வது யாரோ ஒருவரின் பணிப்பட்டியலில் ஏறியது. 2019 அக்டோபர் 18 அன்று கிறிஸ்டினா காக்கும் ஜெசிகா மேயரும் சேர்ந்து வெளியே சென்று, பழுதான மின்கல மின்னேற்றக் கருவி ஒன்றை மாற்றிவிட்டு, 7 மணி 17 நிமிடங்களில் உள்ளே திரும்பினார்கள்.